ஐஸ் பேணாட் காலமானார்

ஐஸ் பேணாட்டின் மரணம் குரோமில் அழகாகத்தான் வந்திருந்தது. சஃபாரியில் திறந்ததும் மனிதரின் முகம் புடலங்காய் போல நீண்டுவிட்டது.

"அப்பாவுக்கு ஏன் முகம் இப்பிடி?" என்று அஞ்சலினா வாசல் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐபோன்ல மட்டும்தான் இந்தப் பிழை. நல்லவேளை, உம்மட போனைத் தந்தீர்" என்றான் ஜெனிஸ்டன்.

அதற்குள் யாரும் மலர்வளையத்துக்குச் சொல்லிவிட வேண்டாம். பேணாட் திடகாத்திரமாக இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் ஐஸ் ஆலையில் யாரையாவது ஏசிக்கொண்டிருந்திருப்பார். ஜெனிஸ்டனின் வேலை, இணையத்தளங்களைப் பல போன்களில், பல பிரவுசர்களில் திறந்து பிழை பிடிப்பது. இந்த முறை கிடைத்தது மரண அறிவித்தல் தளம். மாதிரிக்கு ஓர் ஆளைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

டைக் வீதியில் இத்தனை பேர் இருக்க, ஏன் பேணாட்? அது வீதிக்கே தெரிந்த கதை. பாட்டுக்குழுவில் ஆரம்பித்த பார்வை அஞ்சலினாவுக்கும் ஜெனிஸ்டனுக்கும் இன்னும் முடியவில்லை. பெண் கேட்கப் போன ஜெனிஸ்டனின் அம்மா சீலாவிடம், "வீட்டுக்குள்ள இருந்து போன் நோண்டுறவனுக்கு என்ட பிள்ளையக் குடுக்க ஏலாது" என்று பேணாட் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் கோபத்தில்தான் திருவிழாவில் எடுத்த அவர் படத்தைப் போட்டான். நீளமான வரிகள் சின்னப் போனில் உடைகிறதா என்று பார்க்க உறவுமுறையும் வேண்டும் அல்லவா? 'அஞ்சலினாவின் பாசமிகு தந்தையும், ஜெனிஸ்டனின் அன்பு மாமனாரும் ஆவார்' என்று ஆசை தீர எழுதினான். வேறெங்கே கிடைக்கப்போகிறது அந்தப் பதவி!

அந்த வரியை அஞ்சலினா வாசித்தாள். சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதே நேரம் மூலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"ஐயோ, அப்பா! ஓடுங்கோ!"

திறந்த பக்கத்தை மூடவும் நேரமில்லை. போனை அவள் கையில் திணித்துவிட்டு, ஜெனிஸ்டன் மதில்களுக்கு இடையில் இருந்த ஒழுங்கைக்குள் பாய்ந்தான்.

வீட்டுக்கு வந்தும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழும்பினான், ஜன்னலால் பார்த்தான். கடைக்கார முத்தலிப் நானாவிடம் இரவல் வாங்கிய பழைய போனில் பேணாட்டைத் திறந்தான். அம்மாவின் போனில் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கொழும்பில் இருந்த மேலாளர் வேறு எச்சரித்திருந்தார்: "தளம் இப்பவே உலகத்துக்குத் திறந்திருக்கு. 'வெளியிடு' பொத்தானை மட்டும் தொட்டுடாதீங்க. தொட்டா எல்லாருக்கும் போயிடும்." அதனால் விரலைப் பாம்புக்குப் பயந்தவன் போல வைத்து வைத்து எடுத்தான்.

அரை மணித்தியாலம் போயிருக்காது. சீலா போனும் அகப்பையுமாகக் குசினிக்குள் இருந்து அலறிக்கொண்டு வந்தாள்.

"டேய் ஜெனி! பேணாட் செத்துப்போனாராம்! லண்டனில இருந்து மாமி அழுறா!"

"அவர் சாகேல்லம்மா, இப்பதான் மோட்டார் சைக்கிள்ல..."

"படத்தோட போட்டிருக்கடா! அது கிடக்கட்டும், நீ எப்படா அவருக்கு மருமகனானனீ?"

ஜெனிஸ்டன் அம்மாவின் போனைப் பறித்தான். பார்த்தான், அறிவித்தல் வெளியாகித்தான் இருந்தது. அவசரமாக அழித்தான். என்ன பிரயோசனம்? அதற்குள் படம் பிடித்து வாட்ஸ்அப் வாட்ஸ்அப்பாக அனுப்பிவிட்டார்கள். முத்தலிப் நானா கடையைப் பாதி சாத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு துக்கம் விசாரிக்கப் போனார். சந்தியில் யாரோ சாவுக்குக் கட்டும் வெள்ளைக்கொடியே கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கேட்டும் கொடுக்காத மனிதர், கொன்றவனுக்கா கொடுக்கப்போகிறார்? அஞ்சலினா இனிக் கனவில்கூட இல்லை. மற்றவர்கள் சொல்லும் முன் தானே காலில் விழுந்துவிடுவோம் என்று ஓடினான்.

பேணாட் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. அழ வந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கதிரையில், கையில் போனோடு பேணாட்.

"வாரும் மருமகன்" என்றார்.

"அங்கிள், சத்தியமா வேணுமெண்டு செய்யேல்ல. கை தவறி..."

"வாயை மூடும்! பாரிசில இருந்து தம்பி போன் எடுக்கிறான், மட்டக்களப்பில இருந்து பாதர் எடுக்கிறார். நான் உயிரோட இருக்கிறன் எண்டா, அதுக்கு ஒருத்தரும் சந்தோஷப்படேல்ல. மகளுக்குக் கலியாணம் முடிச்சுப்போட்டு ஏன் மறைச்சனீ எண்டுதான் சண்டை!"

"நான் எல்லாருக்கும் விளங்கப்படுத்துறன் அங்கிள்..."

"என்னத்தை விளங்கப்படுத்துவீர்? சாவைப் பொய்யெண்டு சொன்னா நம்புறாங்கள். மருமகன் பொய்யெண்டா நம்புறாங்களில்ல. இனி இல்லையெண்டு சொன்னா என்ட பிள்ளையின்ட பேர்தான் கெடும்." பேணாட் தொண்டையைச் செருமினார். "ஞாயிறு பூசை முடிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். இந்த முறை உள்ளுக்க வந்து இருக்கச் சொல்லும்."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். துக்கத்துக்கு வந்த முத்தலிப் நானா அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்.

ஜெனிஸ்டன் குசினிப் பக்கம் போனான். அஞ்சலினா சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலி, குறை நினைக்காதையும். உம்மட அப்பாவைப் போய்... எந்தப் போன்ல அந்த 'வெளியிடு' பொத்தானில என்ட கை பட்டதெண்டே தெரியேல்ல."

அவள் கோப்பைக்குச் சீனி போட்டு நிதானமாகக் கலக்கினாள். முன் அறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் அமத்தினனான்."