பழைய பிடி நூல்

“அந்தப் பழைய நூல் எங்கண்ணே?” என்று கேட்டார் தையல்காரம்மா.

நான் புதுப் பிடி சுற்றிக் கொடுத்த பில்லியர்ட்ஸ் குச்சியை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அறுபது வருடத்துப் பழைய குச்சி. பில்லியர்ட்ஸ் மேஜையே கதி என்று கிடந்த அவருடைய கணவர் போன மாதம்தான் இறந்துபோனார்.

பிடியில் சுற்றியிருந்த லினன் நூல் வியர்வை ஊறிக் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. பிளேடால் ஒரு முனையை நறுக்கி, உருவி, எங்கேயோ வீசிவிட்டேன். இருபது வருடமாக அப்படித்தான். அழுக்கு நூலை இதுவரை யார் கேட்டார்கள்?

“என் கையக்கூட அவர் இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீசிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அளந்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

குப்பைக்கூடை காலி. காலையில்தான் கொட்டியிருந்தேன்.

மூலையில் பழுதுபார்க்க வந்த கிளப் குச்சி ஒன்று கிடந்தது. வருகிறவன் போகிறவனெல்லாம் பிடித்து ஆடியது. அதன் நூலை உருவினேன். அதே கறுப்பு, அதே பிசுக்கு. ஊரான் கை அழுக்கை ஒரு காகித உறையில் போட்டு, பக்குவமாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

முகர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். இல்லை. நூலை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரல்களுக்கிடையில் மெதுவாக ஓட்டினார். மறுபடியும் ஒருமுறை ஓட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நன்றி சொல்லி, உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குச்சியோடு கிளம்பிவிட்டார்.

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குத்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

சாயங்காலம் கடைசல் மெஷினுக்கு அடியில் கூட்டும்போது, அசல் நூல் துடைப்பத்தில் சிக்கிக்கொண்டு வந்தது. தூசி போக விரல்களுக்கிடையில் வைத்து உருவினேன். நடுவில் என்னவோ தட்டுப்பட்டது. எப்போதோ அறுந்த இடத்தைத் தையல் நூலால் சேர்த்து, நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். கறுத்துப்போனதில் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது.

யார் தைத்தது என்று கேட்கவா வேண்டும்.

ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். “கடையிலிருந்து பேசுறேம்மா,” என்று சொல்லிவிட்டு ஒருமுறை செருமினேன்.

அவரே முந்திக்கொண்டார்.

“கெடச்சிடுச்சாண்ணே?”