வண்டிக்குத்தான் தண்ணி

பிரேக் ஆயில் டப்பா சாய்ந்தது இருசப்பனின் முழங்கை பட்டுத்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

வேலையெல்லாம் முடிந்து, குறைந்திருந்த ஆயிலை நிரப்பும்போது சாய்ந்தது. கறுப்பு மட்கார்டின் மேல் மெதுவாகப் பரவியது.

பார்க்க விளக்கெண்ணெய் மாதிரி சாதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் விட்டால் பெயிண்டைப் பால் ஏடு மாதிரி சுருட்டி எடுத்துவிடும்.

துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் நாலு பக்கமும் இழுத்துப் பூசும். தண்ணீர் விட்டு அலசணும். உடனே அலசணும்.

முத்தியால்பேட்டைப் பட்டறையில் டப்பாவைத் திறக்கும் முன்னே மட்கார்டுக்கு ஈரச் சாக்கைப் போர்த்திவிடுவார்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணி நிற்கும். காலையில் அனுப்பும்போதுகூட மேஸ்திரி சாமிக்கண்ணு சொன்னார்: "ஸ்பானர மறந்தாலும் தண்ணிய மறக்காதடா."

மறக்கவில்லை. சாரம் கிராமத்தில் இந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்க வாய் வரவில்லை. காய்ந்த சாக்கையே போட்டான். அது நழுவிக் கீழே கிடந்தது.

பிரான்சுக்குக் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்கார முசேயிடம் இந்த வீட்டு ராமலிங்கம் முதலாளி வாங்கிய கார். சாயங்காலம் இதில்தான் மாப்பிள்ளையை அழைத்து வரப் போகிறார்கள். இருசப்பனை நம்பித் தனியாக விட்ட முதல் வண்டி.

பெயிண்ட் போனால் பட்டறை போச்சு. பட்டறை போனால், செத்த மாட்டுக்குக் கயிறு கட்டி இழுக்கிற அப்பன் வேலைதான் மறுபடியும்.

கிணறு ஆறே தப்படி தூரம். ராட்டினத்தில் கயிறு தொங்கியது.

அவன் தொடுகிற கயிறு இல்லை அது.

"அம்மா! கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா!"

உள்ளேயிருந்து முதலாளி சம்சாரம் கமலவேணி குரல் கொடுத்தாள். "பூ கட்டிக்கினு இருக்கேன், இரு. ஒந்தாகம் எங்கயும் ஓடிப் போவாது."

தாகம் ஓடாது. பெயிண்ட் ஓடிவிடுமே!

மத்தியானத்துக்குக் கொண்டு வந்த தூக்குச்சட்டியைத் திறந்து நீராகாரத்தை அப்படியே மட்கார்டில் கவிழ்த்தான். சோறு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆயில் பாதிதான் இறங்கியது. மீதி விளிம்பைத் தேடி ஊர்ந்தது.

தெருக் குழாய்க்கு ஓடிப் போய் வர நேரமில்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டான். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

வண்டி வயிற்றில் தண்ணி இருக்கிறதே!

தூக்குச்சட்டியை ரேடியேட்டருக்கு அடியில் வைத்துக் குழாயைத் திருகினான். ஒரு சொட்டு வரவில்லை. துரு அடைத்துக்கொண்டிருந்தது.

மேல் மூடியைக் கழற்றி எறிந்தான். ரேடியேட்டரின் வாயில் தன் வாயை வைத்தான். உதடு இரும்பில் அழுந்த, மூச்சைப் பிடித்து ஊதினான். கண் பிதுங்கியது. இன்னொரு தரம். இன்னொரு தரம்.

கீழே 'பொளக்' என்றது.

செம்மண் குழம்பு மாதிரி தண்ணி கொட்டியது. பிடித்துப் பிடித்து ஊற்றினான். சோற்றுப் பருக்கை போனது, வழவழப்புப் போனது, விளிம்பில் தொங்கியதும் போனது. வண்டி வயிறு காலியாகும் வரை ஊற்றினான். அடிக் குழாயைத் திருகி மூடினான்.

கடைசியில் புறங்கையால் தடவிப் பார்த்தான். சுருக்கம் இல்லை. மட்கார்டில் அவன் முகம் தெரிந்தது. உதட்டைச் சுற்றித் துரு.

கமலவேணி ஒரு சொம்புத் தண்ணியோடு வந்தாள். எட்டவே நின்று, "கைய ஏந்து" என்றாள்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. ஆனாலும் முதலில் வந்தது பயம்தான். காலி ரேடியேட்டரோடு வண்டியை எடுத்தால் மார்க்கெட்டைத் தாண்டாது.

"எனக்கில்லம்மா. வண்டிக்குத்தான்."

"வண்டிக்கா? அட கூறுகெட்டவனே, அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நல்ல நாளும் அதுவுமா வண்டியக் காயப் போடுவாங்களா!"

சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். பித்தளைக் குடத்தில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் விட்டு இறைத்தாள். இடுப்பில் சுமந்து வந்தாள். இருசப்பன் மூன்றடி ஒதுங்கிக்கொண்டான்.

குடம் கனம். தூக்கிப் பிடிக்க முடியாமல் அதன் வாயை ரேடியேட்டரின் வாயில் சாய்த்து வைத்து ஊற்றினாள். அவன் உதட்டின் ஈரம் இன்னும் அங்கே காயவில்லை.

வண்டி மடமடவென்று குடித்தது. விளிம்புக்கு ஏற இன்னும் கொஞ்சம் குறைந்தது. கீழே இருந்த சொம்பையும் எடுத்து அதிலேயே ஊற்றினாள்.

"போதுமா?"

"போதும்மா."

அதே குடத்தைக் கொண்டு போய் மறுபடி கிணற்றில் இறக்கினாள். நிரப்பி, ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படிக்குத் தூக்கிப் போனாள்.

இருசப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் தேடி எடுத்துத் திருகினான்.