தலைவலின்னு எழுதிக்குங்க

“தலைவலிங்க,” என்று சொல்லி, நெற்றியை வேறு அழுத்திப் பிடித்துக்கொண்டாள் மருமகள். தலை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயதைக் கேட்டு எழுதி, கிழித்து நீட்டினாள்.

“உள்ள லேடி டாக்டர்தானே இருக்காங்க?” என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற மாமியார்.

மருமகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தலைவலிக்கு எந்த டாக்டராக இருந்தால் என்ன? ஒருவேளை அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ?

இரண்டு மாதமாக வெள்ளைப்படுகிறது. நாற்றமும் அரிப்புமாக, தையல் மெஷின் முன்னால் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை. கணவனிடம்கூட மூச்சு விடவில்லை அவள்.

எல்லாம் மாமியார் சொன்ன ஒரு சொல்லால் வந்த பயம். மாடிவீட்டுப் பெண்ணுக்கு இதே தொந்தரவு என்று கேள்விப்பட்ட அன்று, “ஒழுங்கா இருக்கிறவளுக்கு இதெல்லாம் ஏன் வருது?” என்று முகத்தைச் சுளித்தாள் அந்த மகராசி.

இன்றைக்குத் தனியாக வந்துவிடலாம் என்று பார்த்தால், “தலைவலியோட ஒத்தையில எப்படிப் போவே?” என்று முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போன மாதம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது வராத கரிசனம்!

முறை வந்தது.

“நானும் உள்ள வரவா?”

“வேண்டாம் அத்தை! வெறும் தலைவலிதானே?” குரல் கீச்சிட்டது. மாமியார் உடனே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவைச் சாத்தியதும் உண்மையும் அழுகையும் சேர்ந்து கொட்டின. “புற்றுநோயா டாக்டர்? சத்தியமா நான் எந்தத் தப்பும் பண்ணலை.”

டாக்டர் பரிசோதித்து, பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து, கை கழுவிக்கொண்டு வந்தார். “தப்புன்னு யாரும்மா சொன்னது? கிருமித் தொற்று மாதிரிதான் தெரியுது. மருந்து சாப்பிட்டா சரியாயிடும். காலையிலேர்ந்து இதுக்குன்னு வந்தவங்கள்ல நீங்க ஏழாவது ஆள். அத்தனை பேரும் வெளியில வேற வேற வலியைத்தான் சொல்லியிருக்காங்க.”

“வெளியில என் மாமியார் இருக்காங்க. கேட்டாங்கன்னா…”

“யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமியார் எழுந்து நின்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“தலைவலிதான் அத்தை. மாத்திரை போட்டா போயிடுமாம்.”

“சரி, நீ போய் மாத்திரையை வாங்கு. நான் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்.” விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

தோண்டித் துருவாமல் விடுகிற ஆளா அத்தை? டாக்டர் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டாலும் போதும், வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. மருந்து வாங்கும் ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்தவள், திரும்பி வந்து ஒருக்களித்திருந்த கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளே மாமியாரின் குரல் கேட்டது.

“எட்டு மாசமா எனக்கு வெள்ளைப்படுது டாக்டரம்மா… என் மருமகளுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது!”