ஒற்றைக் கதவு அலமாரி

ரப்பர் மரத்தில் தானே செய்த எலெக்ட்ரிக் பேஸ் கிதாரின் முகப்பில் லூயிஸ் மெல்லிய தேக்குப் பலகையை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அலமாரியில ஒரு கதவைக் காணோம்?" என்றாள் மனைவி ஜோவான்.

அவன் கிதாரைக் காட்டினான்.

"ஐயோ! எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த அலமாரி லா!"

"ரப்பர் மரம் மொட்டையா இருந்துச்சு. இந்த மாதிரி தேக்கு ரேகை வேற எங்க கிடைக்கும்?"

"ஞாயித்துக்கிழமை அம்மா தைப்பிங்லேருந்து வாராங்க. நீங்களே பதில் சொல்லுங்க!"

ஞாயிறன்று மாமியார் கெர்ட்ரூட் வந்தார். ஒற்றைக் கதவோடு நின்ற அலமாரியைப் பார்த்தார். பளபளத்த கிதாரைப் பார்த்தார்.

அவர் கிதாரைத் தோளில் மாட்டி, கம்பிகளை அதிரவிட்டார்.

"நான் செய்யச் சொன்னதைவிட அழகா செஞ்சிட்டீங்களே! எங்க சர்ச் பேண்டே வயிறெரியப் போகுது. மாப்ள, பின்பக்கத்துக்கு அந்த இன்னொரு கதவு இருக்குல்ல?"