வாரத்துக்கு ஒரு தப்பு

“இது இருபத்தேழு இல்லை மேடம். பதினாலு.”

ஸ்ரீகண்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மானிட்டரைக் காட்டினார். திரையில் இரண்டு டால்பின்களின் முதுகுத் துடுப்புகள். ஜோசஃபினுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

“இங்க பாருங்க, பின் ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு. இருபத்தேழுக்கு அது கிடையாது.”

பெங்களூர் தொம்மலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆய்வு அலுவலகம். ஜோசஃபின்தான் பொறுப்பாளர். கார்வார் கடலில் எந்த டால்பின் எதோடு சேர்ந்து திரிகிறது, எது அடுத்ததன் குட்டியைப் பார்த்துக்கொள்கிறது, எது மீனவர் வலையில் கைவரிசை காட்டுகிறது என்று மூன்று வருஷமாகக் குறித்து வைக்கிறார்கள். படகில் போய்ப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு அனுப்புவது தர்ஷினி. இங்கே உட்கார்ந்து சரிபார்ப்பது ஸ்ரீகண்டன். கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். போன வருஷம் தானாகவே வந்து, “சம்பளம் வேண்டாம், வேலை குடுங்க” என்றார்.

தப்பைக் கண்டுபிடித்தால் மெயில் போட மாட்டார். சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் எழுதுவார். ஜோசஃபின் அதைப் போட்டோ எடுத்துக் கார்வாருக்கு அனுப்புவாள்.

அன்றைக்கும் எழுதினார்: ‘27 அல்ல, 14. கவனம் தேவை. அலை அதிகமுள்ள நாளில் படகு எடுக்க வேண்டாம். படம் ஆடுகிறது.’

ஜோசஃபின் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தாள். “வாராவாரம் ஒண்ணு. இதோட முப்பத்தொன்பது ஆச்சு சார். நம்பர் மாறினா எது எதோட சுத்துதுன்றதே மாறிடும். மொத்த ஆராய்ச்சியும் வேஸ்ட். தர்ஷினியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிட்டேன். வேற ஆளைப் போட்டுக்கலாம்.”

ஸ்ரீகண்டன் பேனாவை மூடினார். “இதுக்குப் போயி வேலையை விட்டு எடுப்பாங்களா? ஆடுற படகுல நின்னு எடுக்கிற படம் மேடம்.”

“கண்டுபிடிச்சது நீங்கதானே?”

“நூறு படத்துல ஒண்ணு. எங்க ஃபேக்டரில அதை நல்ல லாட்டுன்னு சொல்லுவோம்.”

“வெள்ளிக்கிழமை நீங்களும் இருக்கணும் சார்.”

“அன்னிக்கு எனக்குப் பல்லு பிடுங்கணும்.”

“கீழதானே? பிடுங்கிட்டு மேல வாங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீகண்டன் எல்லாப் பல்லோடும் வந்து உட்கார்ந்தார். பத்து மணிக்குத் தர்ஷினி வந்தாள். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள். தோளில் ஒரு பை.

“இவர்தான் ஸ்ரீகண்டன் சார்” என்றாள் ஜோசஃபின்.

“கையெழுத்து தெரியும் மேடம்.”

ஸ்ரீகண்டன் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் போடப்படவில்லை.

ஜோசஃபின் முப்பத்தொன்பது தாள்களையும் மேஜையில் பரப்பினாள். “இதுக்கு என்ன சொல்றே தர்ஷினி? சொல்றதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

தர்ஷினி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அந்தப் படங்களுக்கெல்லாம் நம்பர் அதில் தேதிவாரியாக எழுதியிருந்தது. எல்லாமே படம் பெங்களூருக்கு வந்து சேர்வதற்கு முந்தின தேதிகள். ஜோசஃபின் ஒவ்வொன்றாகச் சிவப்புத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு சரியாக இருந்தது.

“முதல் ஒண்ணு நிஜமாவே தப்பு மேடம்” என்றாள் தர்ஷினி. “அதுக்கு வந்த சிவப்புத் தாளைப் பார்த்தப்புறம் மத்ததெல்லாம் தெரிஞ்சே போட்டேன்.”

“தெரிஞ்சேவா? எதுக்கு?”

தர்ஷினி மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரைக் கை காட்டினாள்.

“ஐடி வேலையை விட்டுட்டு டால்பின் பின்னாடி போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து அப்பா என்கிட்ட பேசறதில்லை மேடம். தப்பு இருந்தாத்தான் எழுதுவார்.”