ஒரு குறையும் இல்லை

குவியலில் தோண்டிய குழிக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தான்.

இடப்பக்க மூக்கில் எதுவும் ஏறவில்லை. வலப்பக்கம் சொன்னதை நம்பி, பதம் என்று கையைக் காட்டினான். லாரி பின்னால் வந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவை மக்கவைத்து உரமாக்கும் களம் அது. எந்தக் குவியல் மக்கிவிட்டது என்று மோந்து சொல்வது அவன் வேலை. அதற்குக் கருவி இருக்கிறது என்று யாரோ முதலாளியிடம் சொன்னார்களாம். இவனுக்கு மூக்கு இருக்கிறதே என்றாராம்.

மூக்கின் ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். வலியில்லை. காய்ச்சலில்லை. மகன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டதால், வீட்டில் அதுதான் மூத்தது.

பிறகு உதட்டுக்கு இறங்கியது. கன்னத்துக்கு ஏறியது. அப்பன் ஆனதும் முகம் பூரித்துவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

அவனும் கொஞ்ச நாள் நம்பினான்.

கோயமுத்தூர் டாக்டர் துளிச் சதை வெட்டிப் பார்த்தார். பூஞ்சை. மண்ணிலும் மக்கிலும் இருப்பது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. விட்டுவைத்தால் முகத்தையே உருமாற்றிவிடும்.

சர்க்கரையா, ரத்தத்தில் கோளாறா என்று கேட்டான். ஏதாவது காரணம் கிடைத்தால் தேவலை.

“ஒரு கொறையும் இல்லீங்க தம்பி. இது பெரும்பாலும் நல்லா இருக்கறவங்களுக்குத்தான் வருது.”

பாராட்டு மாதிரி இருந்தது.

மாதக்கணக்கில் மாத்திரை. குவியல் பக்கமே தலைவைக்கக் கூடாது.

வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று அவன் மனைவி மேகலா களத்துக்குப் போனாள். பத்தே நாளில் அவனைவிட நல்ல மூக்கு என்று பெயரெடுத்தாள்.

அவன் வீட்டில் மகனைப் பார்த்துக்கொண்டான்.

எலுமிச்சை நெல்லிக்காய் ஆனது. நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆனது. ஒருநாள் கண்ணாடியில் பழைய ஆள் நின்றான்.

மகனுக்கு அந்த ஆளைத் தெரியவில்லை.

பிறந்ததிலிருந்து அவன் கொஞ்சியது அந்த வீக்கத்தைத்தான். இப்போது மூக்கோரம் தடவித் தேடினான். காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். எங்கும் இல்லையென்றதும் வீறிட்டான்.

வாரக்கணக்கில் அதே அழுகை.

மேகலா வேலைக்குப் போன ஐந்தாம் மாதம், ஒரு சாயங்காலம். களத்திலிருந்து வந்தாள். கைகால் கழுவிக்கொண்டு மகனை வாங்கினாள்.

அழுகை நின்றது.

முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். கையை நீட்டி அவள் மூக்கோரம் எதையோ வாஞ்சையாகத் தடவினான்.

“பாருங்க, என்னையக் கண்டதும் எப்புடிச் சிரிக்கறான்னு.”

அவன் எழுந்து விளக்கைப் போட்டான்.

மகனின் கையை மெல்ல விலக்கி, அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

“ஏனுங்க?” என்று சிரித்தாள்.

அவன் விரலை எடுக்கவில்லை.