சிகரெட் பெட்டிக்கு ஒரு முகம்

ஆஸ்பத்திரி அறையின் ஜன்னலோரம், சுவரில் கட்டிய வெள்ளைத் துணிக்கு முன்னால், முக்காலியில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான். புகைத்துப் புகைத்துக் கெட்ட குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் இப்போது மூச்சு, ஈரமான சீழ்க்கை போல வந்து போகிறது. நான் போர்த்திய துண்டு அதை மறைத்திருக்கிறது. சுகாதாரத் துறை அனுப்பிய போட்டோக்காரர் கேமராவைத் துடைக்கிறார். நாடு முழுக்க விற்கும் சிகரெட் பெட்டிகளில் எல்லாம் இனி எச்சரிக்கைப் படமாக இவன்தான் இருக்கப்போகிறானாம். "கழுத்து மட்டும் போதாதா?" என்கிறேன். "முகம் இருந்தாத்தான் சார், வாங்குறவன் கை தயங்கும்." "அவனுக்கு அப்படியே எங்க அப்பா முகம். அதைக் காலிப் பெட்டியோட சாக்கடையில போட்டு மிதிக்கணுமா?" தம்பி தன் மனைவியிடம் சீப்பு கேட்டுச் சைகை காட்டுகிறான். "பொண்ணு பாக்கவா போறே?" என்று அதட்டுகிறேன். அவன் தோள்கள் குலுங்குகின்றன. சிரிப்பு வெறும் காற்றாகத் துண்டை அசைக்கிறது. அவள் அவனுக்குத் தலை வாரிவிடுகிறாள். "விட்டுடுங்க மாமா. அவரு எப்பவோ முடிவு பண்ணிட்டாரு," என்கிறாள், என்னைப் பார்க்காமலே. அவன் துண்டை எடுத்து, நான்காக மடித்து, என் கையில் கொடுக்கிறான். "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்குங்க. உங்க நிழல் விழுது," என்கிறார் போட்டோக்காரர். எங்கள் வீட்டில் என்னை நகரச் சொன்னவர் யாரும் இல்லை. அசையாமல் நிற்கிறேன். தம்பி என் முழங்கையைத் தொட்டு, மெல்லத் தள்ளுகிறான். நகர்கிறேன். வெயில் அப்பாவின் நெற்றியில், அப்பாவின் மூக்கில் இறங்கி, அந்தத் துளையின் விளிம்பு வரை வந்து, உள்ளே போகாமல் நிற்கிறது.